மூடியில்லாத மார்க்கர்

முப்பது விநாடி வேலை. கைப்பிடியில் இருக்கும் இரண்டு ஸ்குரூவைக் கழற்றப் பத்து விநாடி, உள்ளே இருக்கும் பொடிப் பட்டனை அழுத்திப் பிடிக்க ஐந்து, ட்ரிக்கரை ஐந்து தடவை தட்ட ஐந்து, திரும்ப மூடப் பத்து. நடுவில் மூக்கைச் சொறிந்துகொண்டாலும் முப்பதைத் தாண்டாது. இதற்காக மெக்கானிக் பன்னிரண்டு நாள் அலைந்தான். அலைந்து அவன் வாங்கிக்கொண்டு வந்ததைப் பார்த்தால், பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையே தேவலை, அதில் குரங்காவது மிஞ்சியது என்பீர்கள்.

வண்ணக்குண்டு விளையாட்டைப் பார்க்காதவர்களுக்காக நாலு வரி. வலை கட்டிய மைதானத்தில், காற்றடைத்த மறைப்புகளுக்குப் பின்னால், ஐந்து பேர் இந்தப் பக்கம், ஐந்து பேர் அந்தப் பக்கம் பதுங்குவார்கள். கையில் இருப்பதைக் கொண்டு ஒருவரை ஒருவர் சுடுவார்கள். மெல்லிய தோலுக்குள் சாயம் அடைத்த குண்டு மேலே பட்டு உடையும். சாயம் பட்டவர் அவுட். இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு நடந்து போய், ஓரத்துப் பெஞ்சில் ஆட்டம் முடியும்வரை வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். கையில் இருப்பது என்ன என்று எந்தப் பச்சைக் குழந்தையைக் கேட்டாலும் துப்பாக்கி என்று சொல்லும். வாரியத்தைக் கேட்டால்தான் சிக்கல்.

மெக்கானிக்குக் குண்டு போடத் தெரியாது, கருவியைப் பழுது பார்க்கத்தான் தெரியும். மைதானத்து ஓரத் தகரக் கொட்டகையில் எட்டு வருடமாக அதுதான் பிழைப்பு. சுடுகிறவள் அவன் மனைவி. வாரத்தில் ஆறு நாள் பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் "வலிக்காது" என்று சிரித்த முகத்தோடு பொய் சொல்லுபவள். ஏழாம் நாள் மைதானத்தில் அவள் பெயர் பூரான். தரையோடு தரையாக ஊர்ந்து போய் எதிராளியின் முதுகுக்குப் பின்னால் எழுந்து நிற்பாள். அவளுடைய அணி முதன்முறையாக இறுதிப் போட்டிக்கு வந்திருந்தது.

வந்த இடத்தில்தான் கருவி கோளாறு பண்ணியது. ஒரு தடவை அழுத்தினால் இரண்டு குண்டு. ட்ரிக்கருக்குப் பின்னால் இருக்கும் சின்ன சுவிட்ச் தேயத் தேய நடுங்கும். விரல் ஒரு தடவைதான் அழுத்தும், சுவிட்ச் நடுக்கத்தில் இரண்டு தடவை தொடும், உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு அதை இரண்டு என்று எண்ணிக்கொள்ளும். இதற்கு மருந்தும் போர்டிலேயே உண்டு. ஒரு அழுத்தலுக்குப் பிறகு வரும் நடுக்கத்தைக் கொஞ்ச நேரம் கண்டுகொள்ளாதே என்று அதற்குச் சொல்லிவைக்கலாம். இப்போது அந்த நேரம் இரண்டு மில்லி விநாடி. ஐந்தாக்கினால் போதும்.

அரையிறுதி முடிந்ததும் நடுவர் அவளைக் கூப்பிட்டார். "இது முதல் எச்சரிக்கைம்மா. ஃபைனல்ல மறுபடியும் ரெட்டைக் குண்டு வந்தா ஆயுள் தடை. நான் எழுதின விதி இல்ல, வாரியம் எழுதினது."

வீட்டுக்கு வந்து அவள் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். "நீங்கதான் இருக்கீங்களே, கழட்டிப் போட்டுடுங்க."

"சீல் இருக்கேம்மா" என்றான் மெக்கானிக்.

இருந்தது. போன வருடம் முதல் எல்லாக் கருவிகளின் கைப்பிடியிலும் வாரியம் ஒரு வெள்ளி நிற சீல் ஒட்டியிருக்கிறது. செட்டிங்கைத் தொடும் அதிகாரம் வாரியத்துக்கு மட்டும். சீல் கிழிந்தால் அதற்கும் ஆயுள் தடை. பதிவெண் இல்லாத வேறு கருவியோடு களத்தில் இறங்கினால் அதற்கும் அதே. வாரியத்துக்குத் தெரிந்த தண்டனை அது ஒன்றுதான். சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்.

"அப்ப வாரியத்துக்கே கொண்டு போங்க. ஃபைனலுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு" என்றாள் மனைவி. "நான் இதுவரைக்கும் எதுலயும் ஃபைனல் வந்ததில்லங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவனுக்குத்தான் அது நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

திங்கட்கிழமை காலை வண்ணக்குண்டு விளையாட்டு ஒழுங்குமுறை வாரியத்தின் கவுன்டரில் போய் நின்றான். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அம்மையார்.

"மேடம், துப்பாக்கியில ஒரு செட்டிங் மாத்தணும்."

அம்மையாரின் பேனா நின்றது. பக்கத்து மேசைக்காரர் நாற்காலியைத் திருப்பினார். யாரோ எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்கள்.

"அந்த வார்த்தையை இந்தக் கட்டடத்துல சொல்லக் கூடாது" என்றார் அம்மையார் தாழ்ந்த குரலில். "மார்க்கர். பின்னாடி போர்டு இருக்கு, படிங்க."

படித்தான். விதி இரண்டு என்று தலைப்பிட்டு, சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்: "மார்க்கர் என்பது எதிரில் இருப்பவர் மீது வண்ணக் குறி இடும் கைக்கருவி. விசில் ஊதிய பின் களத்துக்குள் குறி பட்டவர் எவராயினும் வெளியேற வேண்டும். மறுபேச்சு கிடையாது." இந்த மூன்று வரியை எழுத வாரியத்துக்கு நாலு வருடம் ஆனதாம். கீழே பதினேழு பேர் கையெழுத்து.

அந்த வார்த்தையை வாயாலோ எழுத்தாலோ இனிப் பயன்படுத்த மாட்டேன் என்று மெக்கானிக் உறுதிமொழி எழுதிக் கொடுத்தான். அதன் பிறகுதான் விண்ணப்பப் படிவம் கிடைத்தது. எந்த செட்டிங் என்ற இடத்தில் பளிச்சென்று தமிழில் எழுதினான்: "மார்க்கரின் கண்டுகொள்ளா நேரம், 2 மி.வி.யிலிருந்து 5 மி.வி."

அம்மையார் படித்துவிட்டு நிமிர்ந்தார். "கண்டுகொள்ளா நேரமா? எங்களை ஏதோ குத்திக் காட்டற மாதிரி இருக்கே."

"ஐயையோ இல்ல மேடம். மெஷினைச் சொன்னேன்."

"பதினஞ்சு வேலை நாள் ஆகும்" என்று முத்திரை குத்தினார். மெஷினுக்கு இரண்டு மில்லி விநாடி, வாரியத்துக்குப் பதினைந்து வேலை நாள். ஆளாளுக்கு ஒரு செட்டிங்.

மனைவியின் கருவிக்கு நூல் கட்டி, அட்டை மாட்டி, உள்ளே எடுத்துப் போனார்கள். இறுதிப் போட்டிக்குப் பத்து வேலை நாள்தான் இருந்தது. அதைச் சொன்னான். அம்மையார் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வியாழக்கிழமை போனான்.

"பிரிவுக்குப் போயிருக்கு" என்றார் அம்மையார்.

"எந்தப் பிரிவு மேடம்?"

"மார்க்கர்னா எழுதுபொருள் பிரிவுதானே. ரெண்டாவது மாடி."

மெக்கானிக்குக் காதில் விழுந்தது புரியவில்லை. படியேறிப் போன பிறகு கண்ணால் பார்த்ததும் புரியவில்லை. எழுதுபொருள் அதிகாரியின் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதில் வெள்ளைப் பலகையில் எழுதும் பேனாக்கள், சிவப்பு, நீலம், பச்சை, நட்டக்குத்தலாக நின்றன. நடுவில், குழாய் கீழாக, பூரானின் கருவி.

"இது உங்களுதா?" என்றார் அதிகாரி. "மூடி எங்க?"

"மூடியா?"

"மூடி இல்லாம வச்சா காஞ்சிடும் சார். காஞ்சிடுச்சு. எழுதிப் பார்த்தோம்." சுவரைக் காட்டினார். வெள்ளைப் பலகையில் குழாய் கீறிய தடம் குறுக்கே ஓடியது. பதிவேட்டைப் புரட்டி வாசித்தார்: "கறுப்பு நிறம். அளவு பெரியது. பிடிக்க வசதி, எழுத வசதி இல்லை."

"சார், இது எழுதற மார்க்கர் இல்ல. இது..." உறுதிமொழி ஞாபகம் வந்து வார்த்தையை விழுங்கினான். "இது அது சார்."

"எது?"

வாயால் சொல்லக் கூடாது, எழுதிக் காட்டவும் கூடாது. வேறு வழியில்லாமல் மெக்கானிக் சுட்டுவிரலை நீட்டி, கட்டைவிரலை மேலே தூக்கி, ஒரு கண்ணை மூடினான். அதிகாரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நாற்காலியோடு பின்னால் போனார். காவலாளி வந்தான். தடைசெய்த சொல்லைச் சைகையால் சொன்னதாகக் குறிப்பு எழுதினார்கள். இனி விரலை அப்படி நீட்ட மாட்டேன் என்று இரண்டாவது உறுதிமொழி எழுதிக் கொடுத்தான். எழுதும்போது விரலை மடக்கியே வைத்துக்கொண்டான்.

அதிகாரிக்குப் பயம் தெளிந்ததும் கருணை பிறந்தது. "நீங்க கேட்டதைத் தட்டச்சு பண்ணி அனுப்பியிருக்காங்க பாருங்க. அஞ்சு மில்லி லிட்டர் மை. வழக்கமா மூணுதான் சார் ஊத்துவோம்."

மெக்கானிக் தாளைப் பிடுங்கிப் பார்த்தான். மி.வி. என்று எழுதியதை யாரோ புண்ணியவான் மி.லி. என்று தட்டியிருந்தார். "சார், மை இல்ல. நேரம். நேரம் சார்."

"நேரமெல்லாம் எங்க பிரிவுல ஸ்டாக் இல்ல" என்றார் அதிகாரி. "அதுவும் இல்லாம மூணுக்கு மேல போனா நான் முடிவு எடுக்க முடியாது. தொழில்நுட்பக் குழுவுக்குப் போகணும்."

தொழில்நுட்பம் என்ற சொல்லைக் கேட்டதும் அவனுக்கு உயிர் வந்தது. பாவம், சொல்லை நம்பினான்.

குழு அடுத்த வியாழக்கிழமை கூடியது. நீள மேசை, ஏழு உறுப்பினர்கள், தலைமாட்டில் வாரியத் தலைவர். பால் வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல். அவர் முன்னால் ஒரு தட்டில், துணி விரித்து, கருவி. ஏழு பேரும் அதைத் தொடாமல் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "இந்த மார்க்கரை நான் முப்பது வருஷமா ஒழுங்குபடுத்திட்டு வரேன். ஒரு நாள்கூட கையில எடுத்ததில்ல. எடுத்தா அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சிடும். தெரிஞ்சிட்டா நடுநிலை போயிடும். இந்தக் குழுவுல இருக்கற ஏழு பேரும் அப்படிப் பொறுக்கி எடுத்தவங்கதான்."

ஏழு பேரும் அடக்கமாகத் தலைகுனிந்தார்கள்.

"அஞ்சு மில்லியை எந்தப் பக்கமா ஊத்தறது?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர். அரைமணி நேரம் விவாதம் நடந்தது. மேலிருந்து ஊற்றினால் மரபு, பக்கவாட்டில் ஊற்றினால் நவீனம் என்றார் ஒருவர்.

மெக்கானிக் பின்வரிசையில் எழுந்தான். "ஐயா, எதையும் ஊத்தக் கூடாதுங்க. உள்ள எலக்ட்ரானிக் போர்டு இருக்கு. அது மில்லி செகண்ட். எனக்கு ஒரு முப்பது செகண்ட் குடுங்க, இங்கயே கழட்டிக் காட்டிடறேன்."

தலைவர் அவனைப் பரிவோடு பார்த்தார்.

"தம்பி, நீங்க இதைத் தினமும் கழட்டி மாட்டறவர். உங்களுக்கு ஒரு சார்பு இருக்கும். தப்பில்ல. ஆனா முப்பது செகண்ட்ல முடியற வேலைன்னா, அப்புறம் வாரியம் எதுக்குன்னு ஜனங்க கேப்பாங்க. அதனால அது முப்பது செகண்ட்ல முடியக் கூடாது. இது என் சொந்தக் கருத்து இல்ல. கொள்கை."

மேலிருந்து ஊற்றுவதென்று ஏழுக்கு ஏழு வாக்கில் தீர்மானம் நிறைவேறியது. மெக்கானிக்கின் எதிர்ப்பு, "பயனாளி நன்றி தெரிவித்தார்" என்று பதிவானது.

வெள்ளிக்கிழமை ஊற்றினார்கள். அதற்கு ஒரு விழா, ஒரு புகைப்படக்காரர், ஒரு ஊசிக்குழாய். தலைவரே சீலைக் கத்தரித்தார். கைப்பிடிக்கு மேலிருந்த துளை வழியாக ஐந்து மில்லி சிவப்பு மையைச் சொட்டுக்கூடச் சிந்தாமல் செலுத்தினார். உள்ளே இருந்த பொடி விளக்கு பச்சையானது, நீலமானது, சிவப்பானது, பிறகு அணைந்தது. கருகிய வாடை லேசாக வந்தது.

"பார்த்தீங்களா, மூணு கலரும் வருது" என்றார் தலைவர். எல்லோரும் கைதட்டினார்கள்.

ட்ரிக்கரை இருபது தடவை அழுத்திச் சோதித்தார்கள். சான்றிதழில் எழுதினார்கள்: "இரட்டைக் குண்டு வரவில்லை." அது உண்மைதான். ஒற்றைக் குண்டும் வரவில்லை. அதைப் பற்றிப் படிவத்தில் கேள்வி இல்லை. புது சீல் ஒட்டினார்கள்.

வெளியே வரும்போது எழுதுபொருள் அதிகாரி ஓடிவந்து அவன் கையில் ஒரு சிவப்புப் பேனாவைத் திணித்தார். கொழுத்த பேனா, வெள்ளைப் பலகையில் எழுதுவது, மூடியோடு. அதன் இடுப்பிலும் வெள்ளி நிற சீல். "மூடி இல்லாத மார்க்கருக்கு மாற்று மார்க்கர் தரணும்னு எங்க பிரிவு விதி. ரெண்டுக்கும் ஒரே பதிவெண்தான். எதை வேணா யூஸ் பண்ணிக்கங்க."

வீட்டில் மனைவி கருவியைக் கையில் வாங்கித் திருப்பினாள். துளையிலிருந்து சிவப்பு மை மேசை விரிப்பில் வழிந்தது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. ஊரில் இருக்கிறவர்கள் கருவிக்கெல்லாம் உயிர் கொடுத்தவன், பெண்டாட்டியின் ஒரே கருவியைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்துக் கொன்று வாங்கி வந்திருக்கிறான். அவமானத்தில் அவனுக்குத் தலை நிமிரவில்லை.

"என்னை மன்னிச்சிடும்மா. சீலைக் கிழிச்சு நானே பண்ணித் தொலைச்சிருக்கணும்."

"இருங்க" என்றாள் அவள். வாரத்தில் ஆறு நாள் நோயாளிகளின் படிவங்களை வரி விடாமல் படிக்கிறவள். வாரியத்தின் விதிப்புத்தகத்தை எடுத்து இரண்டாம் விதியைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி, உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள்.

"இது நல்லா எழுதுதுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. பத்துப் பேரும் மறைப்புகளுக்குப் பின்னால் போய் நின்ற பிறகு, வாரியத் தலைவர் களத்தின் நடுவுக்கு வந்தார். தொடக்கவுரை அங்கே நின்றுதான் ஆற்றுவார், முதல் விசிலையும் அவரேதான் ஊதுவார். அது வாரியம் தொடங்கிய நாள் முதல் நடைமுறை. கழுத்தில் விசில், மேலே அதே பால் வெள்ளைச் சட்டை. மைக்கில் இருபது நிமிடம் பேசினார்.

"நமக்கு எல்லாரும் ஒண்ணுதான். விளையாடறவர், வேடிக்கை பார்க்கறவர், தலைவர், யாரா இருந்தாலும் விதிக்கு முன்னாடி ஒண்ணு. அந்த விதியை எழுதினவன் நான், நானே சொல்றேன். மறுபேச்சு கிடையாது" என்று முடித்து, விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதினார்.

ஒருவரும் சுடவில்லை. நடுவில் தலைவர் நிற்கும்போது எவனுக்குத் தைரியம் வரும். அவர் மைக்கின் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அந்த அமைதியில் பூரான் புறப்பட்டாள். மறைப்பிலிருந்து மறைப்புக்குத் தரையோடு ஊர்ந்து, தலைவரின் முதுகுக்குப் பின்னால் எழுந்து, சுற்றி வந்து எதிரில் நின்றாள். விதியில் எதிரில் இருப்பவர் என்றுதானே இருக்கிறது. பேனாவின் மூடியைக் கழற்றி, பால் வெள்ளைச் சட்டையின் நடு மார்பில் ஒரு வட்டம் போட்டு, உள்ளே நிதானமாகச் சாயம் தீட்டினாள்.

தலைவர் குனிந்து பார்த்தார். "என்னம்மா இது, பேனாவால கிறுக்கற?"

நடுவர் ஓடிவந்தார். சீலைப் பார்த்தார், பதிவெண்ணைச் சான்றிதழோடு ஒப்பிட்டார். எல்லாம் சரியாக இருந்தது. பயந்த மனிதர்தான். ஆனால் விதியை மீறுவது அவருக்கு அதைவிடப் பயம்.

"ஐயா, பேனான்னு சொல்லக் கூடாதுங்க" என்றார். "மார்க்கர். நீங்க அவுட்."

தலைவர் வாயைத் திறந்தார். நடுவர் பணிவாக விதிப்புத்தகத்தை நீட்டினார். பதினேழு கையெழுத்தில் முதல் கையெழுத்து அவருடையது. முப்பது வருடமாக ஒழுங்குபடுத்தியவர் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு, ஜனங்கள் பார்க்க, ஓரத்துப் பெஞ்சுக்கு நடந்தார்.

அவர் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்களுக்குக் கை வந்தது. நாலா பக்கமும் குண்டு பறந்தது. பேனாவோடு ஓடிப் போய் எதிரணியில் ஒருத்தியின் முழங்கையில் ஒரு கோடு போடுவதற்குள் பூரான் மேல் பதினோரு குண்டு விழுந்தது. கோப்பையும் அன்று எதிரணிக்கே போனது. அதற்காக அவள் இன்றும் வருத்தப்படுகிறாள், அதை மறைப்பானேன். ஆனால் தடை கிடையாது. அவள் மேல் எழுத வாரியத்துக்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

உடம்பெல்லாம் சாயத்தோடு அவள் வந்து பெஞ்சில் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பேனாவை மூடிபோட்டு மடியில் வைத்துக்கொண்டாள். வலைக்கு இந்தப் பக்கம் மெக்கானிக் நின்றிருந்தான். ஆட்டம் நீண்டுகொண்டே போனது. வெயில் ஏறியது.

"தம்பி" என்றார் தலைவர் மெல்ல, கையைத் தலையிலிருந்து எடுக்காமல். "நான் எப்ப எழுந்து போகலாம்?"

மெக்கானிக் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, உங்களைத்தான். எப்ப போகலாம்?"

மெக்கானிக் இதையும் கொஞ்ச நேரம் கண்டுகொள்ளவில்லை. பிறகு திரும்பி, மிகவும் பரிவோடு சொன்னான்.

"பிரிவுக்குப் போயிருக்குங்க ஐயா. பதினஞ்சு வேலை நாள் ஆகும்."